30 டிகிரி தண்ணீரில் ஃபிலிம் கழுவலாமா? – கேள்வி பதில்

கறுப்பு வெள்ளை ஃபிலிம், அதில் மலை, வயல், கடல் எடுப்பது, வீட்டிலேயே கழுவுவது – இவ்வளவுதான் என் எல்லை. எந்த கேமரா வாங்கலாம், என்ன விலை என்றெல்லாம் கேட்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு): அக்கா, கோத்தகிரில எடுத்த ரோல்ல தூரத்து மலையெல்லாம் வெளிறி வானத்தோட கலந்துபோச்சு. சிவப்பு ஃபில்டர் போட்டா சரியாகுமா?

எதனால் வெளிறியது என்பதைப் பொறுத்தது தம்பி. மதிய நேரத்தில் மலை நீலமாகத் தெரிகிறதே, அது காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்களின் வேலை. அவை நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தைத் தடுத்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக மலை வரிசைகள் பிரிந்து தெரியும். காலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மூடுபனி வேறு. அது நீர்த்துளி, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும். அங்கே சிவப்பு போட்டால் வெளிச்சம்தான் நஷ்டம்.

மஞ்சளுக்கு 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு), ஆரஞ்சுக்கு 2, அடர் சிவப்புக்கு 3 என்று எக்ஸ்போஷர் கூட்ட வேண்டும். நீலகிரிக்கு என் பையில் இருப்பது ஆரஞ்சுதான். சிவப்பு போட்டால் வானம் பிரமாதமாக இருக்கும், கீழே தேயிலைச் சரிவு கரியாகிக் கிடக்கும். பச்சை இலை சிவப்பு ஒளியைக் கொஞ்சமாகத்தான் திருப்பி அனுப்பும், அதனால்தான். தேயிலையே படம் என்றால் மஞ்சள்பச்சை ஃபில்டர் போடுங்கள், இலை ஒளிரும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வெயில் நாளில் நிழலுக்குள் விழுவது நீல வானத்தின் ஒளி. சிவப்பு அதையும் வெட்டுவதால், 3 ஸ்டாப் கூட்டிய பிறகும் நிழல் எதிர்பார்த்ததைவிடக் கீழே போகும். அதனால் ஒளி அளக்கும் மீட்டரை வானத்துக்குக் காட்டாதீர்கள். விவரம் தெரிய வேண்டிய நிழலை அளந்து, அதிலிருந்து 2 ஸ்டாப் குறைத்து வையுங்கள். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். நிழலை அதன் இடத்தில் உட்காரவைப்பது நம் வேலை.

கேள்வி (சென்னை): மேடம், மே மாசம் குழாயைத் திறந்தா 31 டிகிரி. டப்பால 20னு போட்டிருக்கு. ஐஸ் போட்டுக் கழுவலாமா?

டெவலப்பருக்குள் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) ஐஸ் போடாதீர்கள், கரைந்து அளவு மாறிவிடும். பாட்டில்களை ஒரு பக்கெட் தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீரில் ஐஸ் போடுங்கள். ஆனால் 20-க்கு இறக்கியே தீர வேண்டும் என்று போராட வேண்டாம். டெவலப்பரை 20-க்குக் கொண்டுவந்துவிட்டு, ஃபிக்ஸரையும் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) கழுவும் தண்ணீரையும் 31-ல் விடுகிறவர்கள்தான் அதிகம். எல்லாம் 24-ல் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

உதாரணமாக HP5 பிளஸ் ஃபிலிம், ஐடி-11 டெவலப்பர் 1+1-ல் (சம அளவு தண்ணீர் கலந்து) 20 டிகிரிக்கு 13 நிமிடம். 24-ல் 9 நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். தண்ணீர் கலக்காமல் ஸ்டாக்காகவே ஊற்றினால் 20-லேயே ஏழரை நிமிடம்தான். 30-ல் அது நாலு நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். 5 நிமிடத்துக்குக் கீழே போகாதீர்கள். ஃபிலிம் கழுவும் டப்பாவான டாங்க்கில் ஊற்றி முடிக்கவே பத்துப் பதினைந்து வினாடி ஆகிறது, அந்த வித்தியாசம் நெகடிவில் நிற்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அது தெரியாது. வெறும் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

கரைத்த பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

கோவை உறுப்பினர் ஒருவர்: மன்னிக்கணும், இது தப்பான வழிகாட்டல். 20 டிகிரிதான் ஸ்டாண்டர்டு. 24-ல கழுவினா கிரெய்ன் (படத்துல தெரியற பொடிப்பொடி மணி) பெருசாகும், ஃபிலிம் மேல பூசின ஜெலட்டின் வெடிச்சு வலை மாதிரி ஆகும்.

20 என்பது எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக வைத்த அளவு, வேதவாக்கு அல்ல. ஃபிலிம் கம்பெனிகளே 24-க்கும் நேரம் கொடுக்கின்றன. நீங்கள் சொல்லும் வலை, 30-லிருந்து 15-க்கு என்று சட்டென்று மாற்றினால் வரக்கூடியது. இன்றைய ஃபிலிம்களில் ஜெலட்டினைக் கெட்டிப்படுத்தியிருப்பதால் அதுவும் அபூர்வம். 24-ல் சரியான நேரத்துக்குக் கழுவிய நெகடிவையும் 20-ல் கழுவியதையும் பக்கத்தில் வைத்து, எது எது என்று சொல்லிப் பாருங்களேன்.

நெல்லை உறுப்பினர்: அக்கா சொல்றதுதான் சரி. நாங்க 31, 32-லயே கழுவுதோம், ஒண்ணும் ஆகல.

நான் அப்படிச் சொல்லவில்லையே அண்ணாச்சி! அந்தச் சூட்டில் ஜெலட்டின் ஊறி மெத்தென்று இருக்கும், விரல் பட்டாலே கீறும். டெவலப்பரில் நேரத்தைப் பிடிப்பதும் கஷ்டம்.

கோவை உறுப்பினர்: அப்ப அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரங்க சோடியம் சல்ஃபேட் கலந்து கழுவினாங்களே, அது எதுக்காம்?

அப்படிக் கேளுங்கள், இது நல்ல கேள்வி. டெவலப்பரில் சோடியம் சல்ஃபேட் கலந்தால் ஜெலட்டின் தண்ணீரைக் குடித்து வீங்குவது குறையும். வெப்ப நாடுகளுக்கென்று கோடக் கொடுத்த டிகே-15 ஃபார்முலாவிலும் அது உண்டு. ஏசியும் ஃப்ரிட்ஜும் இல்லாத இடத்தில் அது புத்திசாலித்தனம். ஆனால் வாங்கும்போது லேபிளை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். சல்ஃபேட் வேறு, சல்ஃபைட் வேறு. டி-76 என்ற டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் போடுவது சல்ஃபைட். அதன் இடத்தில் சல்ஃபேட்டைக் கொட்டினால் டெவலப்பர் சீக்கிரமே காற்றுப்பட்டுப் பழுப்பாகிவிடும்.

சூடு பற்றிய சண்டை இத்தோடு போதும்.

கேள்வி (திருச்சி): டி-76 சொந்தமா கலக்கறேன். மெட்டால் கரையவே மாட்டேங்குது, மேல மிதக்குது.

சல்ஃபைட்டை முதலில் மொத்தமாகப் போட்டிருப்பீர்கள். அடர்ந்த சல்ஃபைட் கரைசலில் மெட்டால் (படத்தை வெளிக்கொண்டுவரும் பொடி) கரையாது. 750 மில்லி தண்ணீர், 50 டிகிரி வாக்கில். ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் 2 கிராம். அது முழுக்கக் கரைந்த பிறகு மீதி சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், கடைசியில் தண்ணீர் விட்டு லிட்டராக்குங்கள். கையுறை போடுங்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாது. பாட்டிலில் பெயர், தேதி. கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம்.

கேள்வி (மதுரை): அக்கா எங்க ஊர்ல தண்ணி 32 டிகிரி இருக்கு, என்ன பண்ண?

மேலே படியுங்கள்.

கேள்வி (தாம்பரம்): காய்ஞ்ச நெகடிவ்ல வெள்ளை வெள்ளையா சொட்டுத் தடம். துடைச்சா கீறல் விழுது.

போர் தண்ணீரின் உப்பு. கழுவுவதெல்லாம் அதிலேயே கழுவுங்கள், கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்ட் வாட்டரில். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்தத் தண்ணீர் போதும். கடைக்காரரிடம் 'தண்ணீர்' என்று அழுத்திச் சொல்லுங்கள், ஆசிட் கேனை எடுத்து நீட்டிவிடப் போகிறார். ஃபோட்டோ-ஃப்ளோ (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வடியவைக்கும் திரவம்) இருந்தால் சில சொட்டு. பிறகு தொடாமல், ஃபேன் போடாமல் பாத்ரூமில் தொங்கவிடுங்கள்.

கேள்வி (வேலூர்): சேஞ்சிங் பேக்குக்குள்ள (வெளிச்சம் புகாத பை) கை வேர்த்து, ஃபிலிம் ரீல்ல ஏறாம பாதில சிக்கிக்குது.

ரீல் ஈரம். பிளாஸ்டிக் ரீலின் சின்ன உருண்டைக்குள் ஒரு சொட்டு நின்றாலும் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும். முந்தின நாளே கழுவிக் காயவைத்த ரீலை எடுங்கள். ஃபிலிம் முனையின் இரண்டு மூலையையும் லேசாக வெட்டி வளைவாக்கிவிடுங்கள். சிக்கினால் பலவந்தம் செய்யாதீர்கள். ஃபிலிமை டாங்க்கில் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து, துடைத்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): முட்டத்துல சாயங்காலம் அலையைப் பால் மாதிரி எடுக்கணும். மீட்டர் 30 வினாடி காட்டுது, படம் இருட்டா வருது.

நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் வேகம் குறையும். HP5 பிளஸுக்கு மீட்டர் 10 வினாடி என்றால் 20 கொடுங்கள். 30 என்றால் 86. FP4 பிளஸ் ஃபிலிமில் அதே 30-க்கு 73 வினாடி போதும். சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஷட்டர் திறந்திருக்கும்போதே வெளிச்சமும் குறையும், அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி (உதகை): தாத்தாவோட பெட்டில பிரிக்காத 'இந்து' பிரிண்டிங் பேப்பர் ஒரு பாக்கெட் கிடைச்சுது. உபயோகப்படுமா?

உங்கள் ஊர்ச் சரக்கு! 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் பேப்பர். விளக்குப் போட்டுப் பிரித்துவிடாதீர்கள். சிவப்பு விளக்கில் ஒரு தாளை எடுத்து இரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒன்றை நேராக ஃபிக்ஸரில் போடுங்கள். மற்றதை டெவலப்பரில் 2 நிமிடம் வைத்து, பிறகு ஃபிக்ஸர். இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இரண்டாவது சாம்பலாக இருந்தால் பேப்பர் பழுதாகியிருக்கிறது. டெவலப்பரில் பென்சோடிரையசோல் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள், ஓரளவு வெளுக்கும். முடிவை இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.

கேள்வி (சேலம்): ஃபிக்ஸர் இன்னும் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? அப்புறம் தண்ணி 30 டிகிரி இருந்தா...

ஃபிலிம் லீடரை (ரோலின் வெளியே நீட்டிய முனை) வெட்டி வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, தெளிய எத்தனை நேரமாகிறது என்று பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்குதான் ஃபிக்ஸ் செய்யும் நேரம். புதிதாகக் கரைத்தபோது தெளிந்த நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதி வையுங்கள். அது இரட்டிப்பானால் ஃபிக்ஸர் முடிந்தது. முடிந்த ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, சாக்கடையில் கொட்டாதீர்கள். கேனில் சேர்த்து வைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுங்கள். அந்தக் கேனிலும் பெயர் எழுதுங்கள்.

30 டிகிரிக்கு: மேலே, சென்னைக்காரருக்குச் சொன்ன பதில்.