இண்டி என்பது ராகம் அல்ல

கேள்வி: ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில், அந்த ஆண்டில் எனக்குப் பிடித்த பத்து இண்டி, ராக் ஆல்பங்களை ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். பழைய பக்கங்களைப் புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. இன்று எல்லோரும் கொண்டாடுகிற ஆல்பங்கள் என் நோட்டில் இல்லை. யாரும் பேசாதவை இருக்கின்றன. திருத்தி எழுதலாமா? உங்களுக்குப் பிடித்த ஆண்டு எது? அந்த ஆண்டின் முதல் பத்தை வரிசைப்படுத்த முடியுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: பத்து தர மாட்டேன். வரிசை எண்ணும் போட மாட்டேன். இசைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டுவதை இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாக எதிர்த்துவருகிறேன்; அதற்காக என்னைத் திட்டி வந்த கடிதங்களையும் இங்கேயே அச்சிட்டிருக்கிறேன். என் கருத்து மாறவில்லை. ஆண்டை மட்டும் சொல்கிறேன்: 1991.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பேசித் தீர்த்துவிடுவோம். 'இண்டி, ராக்' என்று அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் ஒரே பந்தியில் உட்காரும் உறவினர்கள் போல. ராக் என்பது ஒருவகை இசையின் பெயர். இண்டி அப்படியல்ல. அது 'இண்டிபெண்டென்ட்' என்பதன் முன்பாதி. சார்பற்றது என்று பொருள். யாரைச் சாராதது? கிதார் எப்படி ஒலிக்கிறது, பாடகர் எவ்வளவு சோர்வாகப் பாடுகிறார் என்பதற்கும் இந்தச் சொல்லுக்கும் பிறப்பில் எந்தத் தொடர்பும் கிடையாது. இசைத்தட்டு அடுக்கிய பெட்டியைக் கடைவரை சுமந்தது யார்? இண்டி என்ற சொல் அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது.

பிரிட்டனில் 1980 ஜனவரியில் சுயேச்சை இசைத்தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது, அதில் இடம்பெறுவதற்கான தகுதி விநியோகம்தான். பெரிய நிறுவனங்களின் வண்டியில் ஏறாமல் கடைக்கு வந்த தட்டு எதுவானாலும் உள்ளே வரலாம். அந்தத் தகுதியால்தான், 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியப் பாப் பாடகி கைலி மினோகின் துள்ளல் பாடல்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. அவரை வெளியிட்ட நிறுவனம் ஒரு சுயேச்சை விநியோகஸ்தர் வழியாக அவற்றை விற்றது. விதிப்படி அவர் இண்டி. கைகளைக் கட்டிக்கொண்டு முகம் சுளித்த கிதார் ரசிகர்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை. எனக்கோ அந்த விதி இன்றுவரை பிடித்திருக்கிறது. இசை எந்த வகை என்பதை ரசிகர் முடிவுசெய்துகொள்ளட்டும். பெட்டி எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் பட்டியல் சொல்லட்டும் என்று அந்த விதி விட்டுவிட்டது.

இந்தக் கதை எங்கே தொடங்கியது? எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். நான் மான்செஸ்டரில் தொடங்குவேன். அந்த ஊரின் பஸ்காக்ஸ் என்ற பங்க் ராக் குழு 1976 டிசம்பர் இறுதியில் நான்கு பாடல்களைப் பதிவுசெய்தது. நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் சுமார் 500 பவுண்ட் கடன். முதல் அச்சு ஆயிரம் தட்டு. 1977 ஜனவரியில் வெளியானது. உறையில், எந்தப் பாடல் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்டுடியோ வாடகை எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கையே உறையில் போட்டது. படிக்கிறவன் அதைப் பார்த்துத் தானும் செய்யலாம். தொழில் ரகசியத்தை விலைச்சீட்டோடு ஊரறிய ஒட்டிவைத்த அந்த மனம் எனக்கு எந்தக் கிதார் தனியாவர்த்தனத்தையும்விடப் பெரியது.

தட்டு அடிப்பது ஒரு வேலை என்றால், அதைக் கடைக்குக் கொண்டுசேர்ப்பது பத்து வேலை. லண்டனில் 1976இல் தொடங்கிய ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டுக் கடை, பிரிஸ்டல், லிவர்பூல், யார்க், எடின்பரோ என்று ஊருக்கு ஒரு கடைக்காரரைச் சேர்த்துக்கொண்டு 'கார்ட்டெல்' என்ற விநியோக வலையைப் பின்னியது. பெயர் முரட்டுத்தனமாக இருந்தாலும் வேலை எளியது: நீ உன் பகுதியில் என் தட்டை விற்றுக்கொடு, நான் என் பகுதியில் உன் தட்டை விற்றுத் தருகிறேன். 1980களின் பிரிட்டிஷ் இண்டி என்று நாம் மனம் உருகிப் பேசுவதன் முதுகெலும்பு இந்த வலைதான்.

சிறுபத்திரிகை நடத்துகிற எவருக்கும் இந்தப் பகுதியைப் படிக்கும்போது அடிவயிறு கலங்கும். எனக்குக் கலங்குகிறது. ஓர் ஊரில் ஓர் ஏஜெண்டுக்கு ஒன்றரை ஆண்டு மாதந்தவறாமல் கட்டு அனுப்பினோம். பணம் வரவில்லை. நேரில் போனேன். கட்டுகள் சணல்கூடப் பிரிக்கப்படாமல் மாடிப்படிக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடிக்கட்டைக் கரையான் தின்றிருந்தது. அந்த இதழ்களில் எழுதியவர்கள், அட்டை வரைந்தவர், இரவெல்லாம் மெய்ப்புத் திருத்திய நண்பர் எல்லோருடைய உழைப்பும் படிக்கட்டின் நிழலில் கிடந்தது. எழுத்து நன்றாக இருந்தால் தானாகப் போய்ச் சேரும் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். தானாக எதுவும் போய்ச் சேராது.

அதனால்தான் 1991.

அந்த ஆண்டில்தான் ரஃப் டிரேடின் விநியோக நிறுவனம் நொடித்துப்போனது. அதை நம்பியிருந்த சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பணம் வராமல் போயிற்று. அமெரிக்காவில் ரஃப் டிரேட் கிளையும் சேர்ந்தே விழுந்தது. கேலக்ஸி 500 என்று ஒரு குழு இருந்தது. மெல்ல நடக்கிற, மூச்சு விட்டு விட்டுப் பாடுகிற மூன்று பேர். அவர்களுடைய மூலப் பதிவுகள் அந்தக் கிளையின் சொத்தாகக் கருதப்பட்டு ஏலத்துக்கு வந்தன. குழுவின் டிரம்ஸ் கலைஞர் டேமன் க்ருகோவ்ஸ்கியும் பேஸ் கிதார் வாசித்த நவோமி யாங்கும் ஏலம் கேட்டுத் தங்கள் சொந்தப் பாடல்களை விலைக்கு வாங்கினார்கள். தாங்கள் வாசித்ததைத் தாங்களே காசு கொடுத்து மீட்டார்கள். இண்டி என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏலம் நினைவுக்கு வருகிறது.

அதே 1991இன் மே மாதத்தில் அமெரிக்காவின் 'பில்போர்டு' வார இதழ் ஆல்பம் விற்பனையைக் கணக்கிடும் முறையை மாற்றியது. அதுவரை கடைக்காரர்கள் சொன்னதை வைத்துப் பட்டியல் போட்டார்கள். அதன்பின் பில் போடும்போது பார்கோடு தந்த எண்ணிக்கை வந்தது. ராப்பும் கன்ட்ரி இசையும் எவ்வளவு விற்றுக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் பட்டியலில் தெரிந்தது. ஒரு தலைமுறையின் ரசனையையே கடைக்காரரின் வாய் மறைத்துவைத்திருந்தது.

செப்டம்பர் 24 அன்று அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது. இதே குழுவின் முதல் ஆல்பம் 'பிளீச்', சியாட்டிலின் சப் பாப் என்ற சிறு நிறுவனத்துக்காக 606 டாலர் 17 சென்ட் செலவில் பதிவானது. இரண்டாவதான 'நெவர்மைண்ட்'டை வெளியிட்டது கெஃபன் என்ற பெரிய குழுமத்தின் டிஜிசி. அவர்களுக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பியது சுமார் 46,000 பிரதிகள். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடத்தில் நின்றது. பெரிய நிறுவனத்துக்குப் போனதால் நிர்வாணா கெட்டுப்போனது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்த டிரம்ஸைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அது இண்டி அல்ல. அருமையான ராக் ஆல்பம். பெரிய வண்டியில் வந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்வோம்.

வாஷிங்டனின் ஃபுகாஸி குழுவைப் பாருங்கள். அவர்களும் அதே ஆண்டில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். தங்கள் சொந்த நிறுவனமான டிஸ்கார்டில், தாங்களே தயாரித்து. கச்சேரி டிக்கெட் 5 டாலர், எந்த வயதினரும் வரலாம் என்பது அவர்களுடைய வழக்கமாக இருந்தது. 'நெவர்மைண்ட்' வெற்றிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் கிதார் குழுக்களைத் தேடி அலைந்தபோதும் அவர்கள் நகரவில்லை. இவர்களை இண்டி என்றால் சொல்லுக்கு மரியாதை.

இனி, நான் அந்த ஆண்டிலிருந்து எடுத்துவைத்திருப்பவை. ஸ்லிண்ட் குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்'. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் இளைஞர்கள் நான்கு பேர், 1990 ஆகஸ்டில் சில நாட்களில் பதிவுசெய்தது. ஆறு பாடல்கள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. 1991 மார்ச்சில் தட்டு கடைக்கு வந்தபோது குழு கலைந்திருந்தது. உறையின் பின்புறத்தில், விருப்பமுள்ள பாடகிகள் எழுதலாம் என்று ஓர் அழைப்பும் முகவரியும் இருந்தன. சேர்ந்து பாடக் குழுதான் இல்லை. பாட்டென்று சொல்ல முடியாது, பேசுகிறார்கள். பக்கத்து அறையில் யாரோ ரகசியம் சொல்வது போன்ற குரல். கிதார் காத்திருக்கிறது, காத்திருக்கிறது, பிறகு வீடே இடிவது போல விழுகிறது. அமெரிக்க இசைக்கலைஞரும் ஒலிப்பதிவாளருமான ஸ்டீவ் ஆல்பினி, பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' இசை இதழில் பத்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார். அப்போது வாங்கியவர்கள் மிகச் சிலர். நான் கேட்டது பல ஆண்டு கழித்து. அன்றிரவு இரண்டாம் முறையும் கேட்டேன், விளக்கைப் போட்டுக்கொண்டு.

அந்த ஆல்பத்தின் அட்டையில், குவாரிக் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நான்கு தலைகள் சிரிக்கின்றன. அழகான படம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்களில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளில் கோடை விடுமுறைதோறும் பிள்ளைகள் மூழ்கிச் சாகிறார்கள். கரை செங்குத்து, ஆழம் கண்ணுக்குத் தெரியாது. வேலி போடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன். போடும்வரை எழுதுவேன்.

அடுத்தது மை பிளடி வாலண்டைன் குழுவின் 'லவ்லெஸ்'. பிரிட்டனின் கிரியேஷன் என்ற சிறு நிறுவனம் நவம்பரில் வெளியிட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல், பத்தொன்பது ஸ்டுடியோக்களில் நடந்த வேலை. குழுவின் கிதார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் கிதாரின் அசைவுக் கம்பியைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவார். சுருதி நேராக நிற்காமல் காற்றில் துணி அசைவது போல வளைந்து வளைந்து வரும். செலவு இரண்டரை லட்சம் பவுண்ட் என்று பேச்சு. ஷீல்ட்ஸ் அந்தத் தொகையை மறுத்திருக்கிறார். எவ்வளவாயினும் அந்தச் சிறு நிறுவனத்தின் இடுப்பொடிந்தது உண்மை. ஆல்பம் வந்தபின் குழுவை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு நிறுவனத்தின் ஏறக்குறையப் பாதி சோனியின் கைக்குப் போனது.

இதே கிரியேஷன் அதே நவம்பரில் வெளியிட்ட இன்னொரு ஆல்பத்தில் உங்கள் நோட்டுக்கான பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் குழு பாடிய 'பேண்ட்வாகனெஸ்க்'. அமெரிக்காவின் 'ஸ்பின்' இதழ் 1991இன் சிறந்த ஆல்பமாக இதைத் தேர்ந்தெடுத்தது. 'நெவர்மைண்ட்' பின்னால் நின்றது. அன்று முதல் ஸ்பின்னைக் கேலி செய்யாத பட்டியல்காரர் இல்லை. எனக்கு அந்தக் கேலியின்மேல் தீராத கோபம் உண்டு. அந்த ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள்: மூன்று பேர் எழுதிய மெட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும் குரல்கள், எண்ணெய் தேய்த்த தலை போலப் பளபளக்கும் கிதார். அந்த டிசம்பரில் அந்த அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததை எழுதினார்கள். வரலாறு எந்தப் பக்கம் போகும் என்று கணித்து எழுதியிருந்தால்தான் வெட்கப்பட வேண்டும்.

எனவே நோட்டைத் தொடாதீர்கள். ஒரு பெயரையும் அடிக்காதீர்கள். யாரும் பேசாத ஆல்பங்கள் உங்கள் நோட்டில் இருக்கின்றன என்றீர்களே, எனக்கு வேண்டியவை அவைதான். ஒவ்வொன்றின் பெயருக்கும் பக்கத்தில் அதை வெளியிட்டவர் யார், எந்த ஊர், உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று மூன்று விவரம் சேர்த்து அனுப்புங்கள். எண் போடாமல். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கிவைக்கிறேன்.