பத்து ரூபாய் லைட்டரும் இருபது ரூபாய்த் தடையும்

கேள்வி: 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்கு லைட்டர் தொங்குகிறது. தடை போட்டும் பயனில்லை என்றால், தீப்பெட்டிக்காரர்கள் இன்னும் வரி கேட்டு அரசை நச்சரிப்பது ஏன்? காலம் மாறிவிட்டதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, வந்த தடை இறக்குமதிக்கு மட்டுமே. கடையில் விற்பதற்கு அல்ல. இரண்டாவது, கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் கேட்டது வரியை அல்ல, தடையை. வரி இந்தப் பொருளிடம் பலிக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

2023 ஜூன் 29 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் வெளியிட்ட அறிவிக்கை சொன்னது இதுதான்: பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்த்து ஒரு லைட்டர் 20 ரூபாய்க்குக் கீழே வந்தால் இறக்குமதி கூடாது, 20 அல்லது அதற்கு மேல் என்றால் தாராளமாகக் கொண்டுவரலாம். அதாவது அந்த 20 ரூபாய் துறைமுகத்து விலை. கடை விலையை அந்த அறிவிக்கை தொடவே இல்லை.

இனி கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, உண்மையில் 5 ரூபாய்க்கு வந்து இறங்கும் ஒரு லைட்டரை எடுத்துக்கொள்வோம். லைட்டருக்கு அடிப்படைச் சுங்கவரி 2018 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல கூடுதல் வரி. ஆக, 5 ரூபாய்க்கு வரி 1 ரூபாய் 10 காசு. ஜி.எஸ்.டி.யை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. இதே லைட்டரின் பில்லை 20 ரூபாய் என்று போட்டு எடுத்து வந்தால் வரி 4 ரூபாய் 40 காசு. ஆக, விலையை உயர்த்திக் காட்டித் தடையைத் தாண்டுபவருக்குக் கூடுதல் செலவு 3 ரூபாய் 30 காசுதான். பில்லில் ஏற்றிக்காட்டிய 15 ரூபாயை வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து கணக்கில் வராத வழியில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சுங்க அதிகாரிகளின் கண், வரியை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்துக் காட்டுபவரைப் பிடித்துப் பழகியது. கூட்டிக் காட்டி வரியும் கூடுதலாகக் கட்டுபவர்மேல் சந்தேகம் எளிதில் விழாது. குறைந்தபட்ச இறக்குமதி விலை என்ற ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறே இதுதான். லைட்டருக்கு மட்டுமல்ல, எந்தப் பொருளுக்கும் இதே கதைதான்.

ஆனாலும் அந்த 3 ரூபாய் 30 காசு ஒரு வேலை செய்தது. 5 ரூபாய் விலையும் 4 ரூபாய் 40 காசு வரியும் சேர்ந்து 9 ரூபாய் 40 காசுக்கு அடக்கமாகும் லைட்டரை, மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் லாபம் வைத்து 10 ரூபாய்க்கு விற்க முடியாது. எனவே 10 ரூபாய் லைட்டர் வேறு வழி தேடியது. அந்த வழி உதிரி பாகம். தடை முழு லைட்டருக்குத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உடல், வால்வு, தீப்பொறிச் சக்கரம் எல்லாம் தனித்தனியாக வந்தால் தடை இல்லை. இங்கே பாகங்களைப் பூட்டி, கேஸ் நிரப்பி, விற்கலாம். சுங்கத்தின் பொது விளக்க விதிகளில் 2(அ) என்ற விதி, ஒரு பொருள் கழற்றிய நிலையில் முழுத் தொகுப்பாக வந்தாலும் முழுப் பொருளாகவே கொள்ளப்படும் என்கிறது. அது ஒரே சரக்கில் முழுத் தொகுப்பாக வந்தால்தான் எளிதாகப் பொருந்தும். உடல்கள் ஒரு கன்டெய்னரிலும் வால்வுகள் வேறொரு துறைமுகத்திலும் இறங்கினால் யார் சேர்த்துப் பார்ப்பது?

இந்த ஓட்டையை அடைக்க அரசுக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. 2024 அக்டோபரில்தான் லைட்டர் உதிரி பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுங்க அட்டவணையில் லைட்டரின் தலைப்பு 9613. அந்தத் தலைப்பே சிக்கிமுக்கிக் கல்லையும் திரியையும் பாகங்களின் பட்டியலிலிருந்து விலக்குகிறது. கல் 3606 என்ற வேறு தலைப்பில் போகும்; சுருள்வில் இரும்புப் பொருள்களோடு போகும். உடலும் வால்வும்தான் பிடிபடக் கூடியவை. அவற்றையும் "பிளாஸ்டிக் பொருள்கள்" என்ற பெயரில் பதிந்து கொண்டுவந்தால், கன்டெய்னரைத் திறந்து பார்க்கும் அதிகாரிதான் கடைசிக் காவல்.

இதெல்லாம் புதிய தந்திரம் என்று நினைக்காதீர்கள். நம் தீப்பெட்டித் தொழில் பிறந்ததே ஒரு சுங்கவரியின் நிழலில்தான். 1922-இல் பிரிட்டிஷ் அரசு வருவாய்க்காக இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. பெட்டிக்கு இரண்டு தம்பிடி, அதாவது அந்தக் காலத்துச் சிறு காசு இரண்டு. அதே ஆண்டு கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அதே 1923-இல் ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனம் என்ன செய்தது? வெளியே நின்று வரி கட்டாமல், வரிச் சுவருக்கு உள்ளே வந்து விம்கோ என்ற பெயரில் ஆலை வைத்தது. சென்னையில் இன்றும் ரயில் நிற்கும் விம்கோ நகர், அப்படி வந்த ஆலையின் பெயர்தான். வேறு சிலரோ முழுத் தீப்பெட்டிக்குப் பதிலாக, மருந்து முக்காத குச்சியையும் பெட்டிக்கான மரச்சீவலையும் இறக்கி இங்கே பெட்டியாக்கினார்கள். அவற்றுக்கும் தனி வரி போட வேண்டி வந்தது. 1928-இல்தான் வருவாய்க்காகப் போட்ட வரி, உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் பாதுகாப்பு வரியாக மாறியது. ஆக, முழுப் பொருளுக்குச் சுவர் எழுப்பினால் சரக்கு உதிரியாக வரும் என்பது இந்தத் தொழில் நூறு ஆண்டுக்கு முன்பே கண்ட பாடம். 2023-இல் அறிவிக்கை எழுதியவர்கள் உதிரி பாகத்தை முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதது பெரிய தவறு. அந்தத் தாமதத்தில்தான் உங்கள் ஊர்க் கடையில் லைட்டர் நிலைத்துவிட்டது.

"காலம் மாறிவிட்டது" என்கிறீர்கள். காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர் சமையலறையிலிருந்து தீக்குச்சியை விரட்டிப் பல்லாண்டு ஆகிறது. இந்தத் தடை அதைப் பற்றியதல்ல. 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் நிதியமைச்சருக்கு எழுதிய கடிதம் கேட்டது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் லைட்டருக்குத் தடை. 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று அதில் கணக்கும் இருந்தது. பெட்டி 2 ரூபாய் வீதம் அது 40 ரூபாய் வியாபாரம். அந்த 2 ரூபாய்கூட, 14 ஆண்டு 1 ரூபாயில் நின்றபின் 2021 டிசம்பர் 1 அன்று வந்த விலை. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் ஏறியபோதும் தாங்கிக்கொண்ட தொழில் இது. குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் கூலி வாங்கும் பெரும்பாலான கைகள் பெண்களுடையவை. வானம் பார்த்த கரிசல் பூமியில் அவர்களுக்கு மாற்று வேலை எளிதில் கிடைப்பதில்லை.

தீப்பெட்டி உற்பத்தியாளர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. டில்லிக்கு மனு கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கையில் இருக்கும் இன்னொரு சட்டத்தைப் போதிய அளவு பிடித்துக்கொள்ளவில்லை. 2023 ஜூலையில் மத்திய அரசு லைட்டருக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. ஐ.எஸ்.ஓ. 9994 என்ற சர்வதேசத் தரப்படி, லைட்டர் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும். 65 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் வைத்தாலும் கசியக் கூடாது. திரவ எரிவாயு கொள்ளளவில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மே மாத வெயிலில் பைக்கின் டேங்க் கவரில் கிடக்கும் மலிவு லைட்டரை நினைத்தால் இந்த விதிகளின் அவசியம் புரியும். தரக்கட்டுப்பாட்டு ஆணையின் பலம் என்னவென்றால், அது இறக்குமதியோடு நிற்காது. பூட்டுவதையும், கிடங்கில் வைப்பதையும், கடையில் விற்பதையும் சேர்த்தே பிடிக்கும். துறைமுகத்தில் தப்பிய சரக்கைக் கடைவீதியில் பிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

உங்கள் ஊர்க் கடையில் தொங்கும் அந்த லைட்டரை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதிலோ அது தொங்கும் அட்டையிலோ அந்த ஆணை கேட்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதற்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா? தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை இருக்கின்றனவா? எண் இருந்தால், முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று காட்டும். முத்திரையே இல்லையென்றால் அதே செயலியில் படத்தோடு புகார் தரலாம். பெயர், முகவரி, விலை இல்லாததற்கு மாவட்டத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு இருக்கிறது. கடைக்காரரைக் குறிவைக்காதீர்கள்; அவருக்குச் சரக்குக் கொடுத்தவரின் பில்லைக் கேட்கச் சொல்லுங்கள்.