டபுள் கிளிக்கில் ஓடுகிறது, ஷெட்யூலரில் ஓடவில்லை!

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடையின் அன்றாட விற்பனையைக் கூட்டி எக்செல் ஃபைலாகத் தரும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதினேன். டபுள் கிளிக் செய்தால் அருமையாக ஓடுகிறது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 9 மணிக்கு ஓடும்படி வைத்தால், கறுப்புத் திரை ஒரு நொடி வந்து மறைகிறது, ரிசல்ட்டில் 0எக்ஸ்1 என்று இருக்கிறது. விற்பனை ஃபைல் ஸ்கிரிப்டின் பக்கத்திலேயேதான் இருக்கிறது ஐயா, எதையும் நான் மாற்றவில்லை.
- வாசகர், ஈரோடு

பதில்: ஸ்கிரிப்ட் சரிதான், அது நிற்கிற இடம்தான் மாறிவிட்டது. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் நடப்பு ஃபோல்டர் என்று ஒன்று உண்டு, வொர்க்கிங் டைரக்டரி என்பார்கள். முழு முகவரி கொடுக்காமல் வெறும் பெயரை வைத்து ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால் அந்த ஃபோல்டரில்தான் தேடும், ஸ்கிரிப்ட் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்காது. டபுள் கிளிக் செய்தபோது எக்ஸ்புளோரர் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே அதைக் கிளப்பிவிட்டது. டாஸ்க் ஷெட்யூலரோ, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், விண்டோஸுக்குள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் கிளப்பிவிடும். அங்கே உங்கள் விற்பனை ஃபைல் ஏது?

ஊகிக்க வேண்டாம், சரிபார்த்துவிடுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே நடப்பு ஃபோல்டர் எது என்று சொல்லும் ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி தரும் பதிலை ஒரு லாக் ஃபைலில் எழுத வையுங்கள், அந்த லாக் ஃபைலுக்கு மட்டும் மறக்காமல் முழு முகவரி கொடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் அதையும் தேட வேண்டியிருக்கும். சிஸ்டம்32 என்று வந்தால் விஷயம் முடிந்தது. டாஸ்க்கின் ஆக்‌ஷன் பகுதியில் ‘ஸ்டார்ட் இன்’ என்ற கட்டம் இருக்கும், பக்கத்தில் ‘ஆப்ஷனல்’ என்று போட்டிருப்பதால் பலரும் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதில் உங்கள் ஃபோல்டரின் முகவரியை எழுதுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் இந்தக் கட்டத்தில் மேற்கோள் குறி போடாதீர்கள், போட்டால் 0எக்ஸ்8007010பி என்ற பிழை வரும், வேறு எங்கோ கோளாறு என்று நினைத்து அலைவீர்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த வழி இது இல்லை. நாளைக்கே வேறொருவர் புது டாஸ்க் போட்டால் அதே கட்டம் மறுபடி காலியாக இருக்கும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே, இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்ட ஃபைல் என்ற மாறியிலிருந்து ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்து, எல்லா ஃபைல் பெயர்களையும் அதோடு சேர்த்து முழு முகவரியாக்கிவிடுங்கள். யார் எங்கிருந்து கிளப்பினாலும் ஓடும்.

திறக்கும்போது பிழை வந்தால் தெரிந்துவிடும், எழுதும்போதுதான் ஆபத்து. அட்மின் உரிமையோடு ஓடிய ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் பல வாரமாக வேலையே செய்யவில்லை என்று ஓர் அலுவலகத்தில் நம்பியிருந்தார்கள், போய்ப் பார்த்தால் அத்தனை ஃபைலும் சிஸ்டம்32-க்குள் பத்திரமாக இருந்தன.

கேள்வி: பைத்தானில் ஓஎஸ்.சிஸ்டம் மூலம் சிடி கட்டளை கொடுத்து ஃபோல்டரை மாற்றிவிட்டு, அடுத்த வரியில் இன்னொரு புரோகிராமை அழைக்கிறேன். அது பழைய ஃபோல்டரிலேயே ஓடுகிறது. ஏன்?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் மாற்றியது உங்கள் ஃபோல்டரை இல்லையம்மா. ஓஎஸ்.சிஸ்டம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் தனி புரோகிராமைத் தொடங்குகிறது, சிடி அந்த ஷெல்லின் இடத்தை மாற்றுகிறது, உடனே அந்த ஷெல்லும் மூடிவிடுகிறது. பிள்ளை புரோகிராம் பிறக்கும்போது தாயின் ஃபோல்டரை வாங்கிக்கொள்ளும், ஆனால் பிள்ளை இடம் மாறினால் தாய் நகராது. சப்பிராசஸ்.ரன் பயன்படுத்தி, அதில் சிடபிள்யூடி என்ற இடத்தில் வேண்டிய ஃபோல்டரைக் கொடுங்கள். அழைக்கிற புரோகிராமுக்கும் முழு முகவரியே கொடுங்கள், ஏனென்றால் அரைகுறை முகவரியை லினக்ஸ் புது ஃபோல்டரிலிருந்து தேடும், விண்டோஸ் உங்கள் பழைய ஃபோல்டரிலிருந்து தேடும்.

கேள்வி: லினக்ஸில் கிரானுக்கும் இதே கதைதானா?
- வாசகர், கோவை

பதில்: ஆமாம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் உங்கள் ஹோம் ஃபோல்டரில் தொடங்கும். பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் என்றால், எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கும் ரூட் ஃபோல்டரில் (/) தொடங்கும், சர்வீஸ் ஃபைலில் வொர்க்கிங்டைரக்டரி வரியைச் சேர்த்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எங்கே நிற்கிறது என்று பார்க்க, ப்ராக் ஃபோல்டருக்குள் அதன் பிராசஸ் எண்ணுக்குக் கீழே சிடபிள்யூடி என்ற இணைப்பு இருக்கும், அதைத் திறந்து பாருங்கள்.