200 கசையடித் தீர்ப்புத்தாளை வாங்கலாமா?

கேள்வி: பழைய பதக்கங்களையும் ஆவணங்களையும் சேகரித்து வருகிறேன். பிரிட்டிஷ் படையின் தீர்ப்புத்தாள் ஒன்றை 45,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். 1858இல் இங்கிலாந்தில், சக வீரனின் சட்டையையும் சவரக்கத்தியையும் திருடியவனுக்கு 200 கசையடி கொடுத்து, ‘தீஃப்’ (திருடன்) என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை உடலில் சூடு போடும்படி ரெஜிமென்ட் (படைப்பிரிவு) நீதிமன்றம் உத்தரவிட்டதாக அதில் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வாங்க வேண்டாம், முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

குற்றம் என்னவோ நம்பக்கூடியதுதான். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம் வாங்கிய சாதாரண வீரனிடம், சாப்பாட்டுக்கும் சலவைக்கும் பிடித்தது போகச் சில்லறைதான் மிஞ்சும். சட்டை தொலைந்தால் மாற்றுச் சட்டையின் விலையும் பறிகொடுத்தவன் சம்பளத்திலேயே பிடிக்கப்படும் என்பதால், ஒரே கூடத்தில் படுத்து உறங்கியவர்கள் கூட்டாளியிடம் திருடியவனை மன்னிப்பதில்லை. திருடிய சட்டை பெரும்பாலும் அடகுக் கடைக்கோ சாராயத்துக்கோ போய்ச் சேர்ந்தது.

பொய் தண்டனையில் இருக்கிறது. 1846இல் ஹவுன்ஸ்லோ முகாமில் 150 கசையடி வாங்கிய ஃபிரடெரிக் வைட் என்ற குதிரைப்படை வீரர் சில வாரங்களில் இறந்துபோக, நாடே கொதித்தது. அதே ஆண்டில், எந்த இராணுவ நீதிமன்றமானாலும் 50 அடிக்கு மேல் விதிக்கக் கூடாது என்று வரம்பு வந்துவிட்டது. ஆகவே 1858ஆம் ஆண்டுத் தாளில் 200 என்ற எண் வர வழியே இல்லை. எழுத்து விஷயமும் அப்படியே. படையை விட்டு ஓடியவனுக்கு ‘டெஸர்ட்டர்’ என்பதன் முதலெழுத்தும், திருந்தாத துர்நடத்தைக்காரனுக்கு ‘பி.சி.’ (‘பேட் கேரக்டர்’) என்ற இரண்டு எழுத்துகளும் இடப்பட்டனவே தவிர, திருடனுக்கென்று தனி எழுத்து கிடையாது. அதுவும் இரும்பைக் காய்ச்சி வைத்த சூடன்று, ஊசியால் குத்தி மை தேய்த்த பச்சை. 1871இல் அதையும் ஒழித்தார்கள்.

இதில் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தரகர் அடுத்து அதைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். 1868இல் கசையடி ஒழிந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். ஒழிந்தது அமைதிக் காலத்தில் மட்டுமே. போர்க்களத்தில் 1881 வரை அது நீடித்தது. ஆகவே 1879இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஜூலு போரில் ஒருவனுக்கு 25 அடி என்று ஒரு தாள் சொன்னால், அதை ஆண்டை வைத்து மட்டும் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே 1879இல் அதே தண்டனை இங்கிலாந்தின் படைக் குடியிருப்பு ஒன்றில் கொடுக்கப்பட்டதாக இருந்தால் தள்ளிவிடலாம். ஆண்டு, இடம், போரா அமைதியா என்ற மூன்றையும் சேர்த்தே பாருங்கள். (மதராஸ் படைச் சிப்பாய்களுக்குச் சட்டமே வேறு, அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

‘ரெஜிமென்ட் நீதிமன்றம்’ என்று தரகர்கள் போடுவதற்கும் காரணம் உண்டு. மாவட்ட இராணுவ நீதிமன்றங்களின் பதிவேடுகள் 1829 முதல் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பொது இராணுவ நீதிமன்றங்களுக்கும் பதிவேடுகள் உண்டு. ரெஜிமென்ட் அளவில் நடந்த விசாரணைகளின் தாள்களோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. சரிபார்க்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் பொய்யை நடுகிறார்கள். உண்மையான விசாரணைத் தாள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் அழகில் இருக்காது. குற்றச்சாட்டு, சாட்சி சொன்னது, கைதி சொன்னது, முந்தைய நடத்தை, தீர்ப்பு என்று கையால் எழுதிய பல தாள்களும், கடைசியில் தீர்ப்பை உறுதிசெய்த அதிகாரியின் கையெழுத்தும் இருக்கும். ரிப்பனும் அரக்கு முத்திரையும் ஒட்டிய ஒற்றைத் தாளைக் கண்டால் எனக்கு முதலில் அச்சகத்தின் நினைவுதான் வருகிறது.

இன்னொன்று: தொல்பொருள் விற்பவருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். நம் ஊரில் அதை யார் கேட்கிறார்கள்? புகார் எழுதினால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் காட்டும். நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு இன்னும் பதில் இல்லை. அதனால் நீங்களே கேளுங்கள். உரிம எண்ணையும், இதை யாரிடமிருந்து வாங்கினார் என்பதையும் எழுத்தில் தரச் சொன்னால், பாதித் தரகர்கள் அதன்பின் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.