மோப்ப நாய் ஏன் "யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை"?

கேள்வி: கொலையோ திருட்டோ நடந்தால் "மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்றே செய்தி வருகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் வருவது போல, வேலூர் போலீஸ் நாய்களையும் பாய்ந்து பிடிக்கப் பழக்கினால் என்ன? சட்டம் தடுக்கிறதா?

பதில்: இந்தத் தொழில் தெரிந்த எவரையும் எரிச்சலூட்டும் வரி அது. மாவட்ட மோப்ப நாய்ப் பிரிவில் இருப்பவை பெரும்பாலும் தடம் பிடிக்கும் நாய்களும், வெடிமருந்து, போதைப்பொருள் கண்டுபிடிக்கும் நாய்களும்தான். எதுவும் ஆளைக் கவ்வப் பழக்கப்பட்டதில்லை. வெடிமருந்து நாய் பொருளைக் கண்டதும் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். காலால் பிறாண்டினாலே எல்லோருக்கும் ஆபத்து. உட்காரப் பழகிய நாயைப் பார்த்து ஏன் கடிக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

பாயும் நாய் வேறு வகை. தேசியப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் போன்றவற்றில் பெல்ஜியன் மாலினாய் நாய்களை அதற்கென்றே பழக்குகிறார்கள். பெங்களூரு அருகே தரலுவில் சிஆர்பிஎஃப்புக்கு நாய் வளர்ப்பு, பயிற்சிப் பள்ளி இருக்கிறது.

கடிக்கப் பழக்குவது பெரிய வித்தையில்லை. குட்டியில் சணல் சாக்குத் துண்டை இழுத்து விளையாடவிட்டு, கடைசியில் அதையே ஜெயிக்க விட வேண்டும். நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பல் மாறும்; அப்போது இழுப்பு விளையாட்டு வேண்டாம். வலி பட்டால் பிறகு வாய் முழுக்கக் கவ்வாது. முன்பல்லால் நுனியில் பிடிக்கிற நாய் விட்டு விட்டு மறுபடி கடித்துச் சதையைக் கிழிக்கும். கடைவாய்ப்பல் வரை நிறையக் கவ்வி அசையாமல் நிற்கும் நாயால்தான் காயம் குறைவு. அடுத்து கையில் மாட்டும் தடித்த உறையான ஸ்லீவ், அதற்கப்புறம் உடல் முழுக்க மூடும் சூட். ஸ்லீவிலேயே நின்றுவிட்டால், எதிராளி (பயிற்சியில் குற்றவாளியாக நடிப்பவர்) ஸ்லீவைக் கழற்றி எறிந்ததும் நாய் ஆளை விட்டுவிட்டு ஸ்லீவைத் தூக்கிக்கொண்டு வாலாட்டும். அதனால்தான் சட்டைக்குள் மறைத்த ஸ்லீவிலும், வாய்ப்பூட்டுப் போட்டு வெறும் ஆள் மீதும் பழக்குவது.

கஷ்டமெல்லாம் விடச் சொல்வதில். "அவுட்" என்றதும் வாயைத் திறக்க வேண்டும். முதலில் எதிராளி கட்டைபோல அசையாமல் நிற்க, நாய் விட்ட நொடியிலேயே பரிசாக மறுபடி கடிக்கக் கொடுக்க வேண்டும். விட்டால் இழப்பில்லை என்று அதற்குப் புரிய வேண்டும். அடித்து விடவைத்த நாய் பயத்தில் இன்னும் இறுக்கும், சில சமயம் ஹேண்ட்லர், அதாவது நாயைக் கையாளுபவர், கையையே கடிக்கும். இதைவிடக் கடினம், பாதி ஓட்டத்தில் திருப்பிக் கூப்பிடுவது. அதையே அடிக்கடி செய்தால் எப்படியும் கூப்பிடுவார்கள் என்று நாய் மெதுவாக ஓட ஆரம்பிக்கும். செய்யாமல் விட்டாலோ, கை தூக்கிச் சரணடைந்தவனையும் கடித்துவிடும். இந்த இரண்டும் நம்பகமாக வராத நாயை லீஷ் என்ற பிடிகயிறு இல்லாமல் அனுப்பக் கூடாது. இருட்டுக் கட்டடத்தில் நீள லீஷ் கட்டாயம். கிட்டத்தில் அசைகிற ஆள் சொந்த கான்ஸ்டபிளாக இருந்தாலும் நாய்க்கு அது தெரியாது.

இனி சட்டம். வக்கீல்கள் யாராவது திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்கும் உரிமையைத் தரவில்லை. தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்பாடு கூடாது என்கிறது 46-ஆம் பிரிவு. இவற்றில் நாய் என்ற சொல்லே இல்லை. ஆக, தடை என்று எழுதி வைக்கவில்லை. "தேவையானதா" என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. பைக் திருடி ஓடுகிற பையன் மீது நாயை ஏவினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் லீஷைப் பிடித்தவர். தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக இருந்தால், குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவும் இருக்கிறது.

அதனால் ஏவுவதற்கு முன் எச்சரிக்கை, அதற்குப் பிறகு சரணடைய அவகாசம். எச்சரிப்பதும் அந்த ஆளுக்குப் புரியும் பாஷையில். நம் பக்கம் தமிழோடு தெலுங்கும் உருதும் வேண்டும். கடி பட்டவன் கையை உதறுவது வலியால். அதை எதிர்ப்பு என்று எழுதி நாயை விடாமல் வைத்திருந்தால் கோர்ட்டில் நிற்காது. ஆள் அடங்கியதும் நாயை எடுத்துவிட்டு, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போட்டோவும் நாயின் தடுப்பூசிச் சீட்டும் கோப்பில் இருக்க வேண்டும்.

நாய் யாரையோ கவ்விவிட்டாலும் அது தீர்ப்பாகிவிடாது. அப்துல் ரசாக் முர்தாசா தஃபாதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-லேயே இதைப் பேசிவிட்டது: நாய் கூண்டேறிச் சாட்சி சொல்லாது, குறுக்கு விசாரணைக்கும் வராது, நாய் சொன்னதாக ஹேண்ட்லர் சொல்வது கேள்விச் சாட்சி, அதாவது இன்னொருவர் சொல்லக் கேட்டதைச் சொல்வது, என்ற ஆட்சேபம் உண்டு. அந்தச் சாட்சியத்துக்கு அதிக எடை கொடுக்கவில்லை. விசாரணைக்கு வழிகாட்டும், அவ்வளவுதான். போலீஸுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்ட் வரும் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஹேண்ட்லரின் எதிர்பார்ப்பே நாயைக் கெடுக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், 18 நாய்-ஹேண்ட்லர் ஜோடிகள் போதைப்பொருளோ வெடிமருந்தோ வைக்காத அறைகளில் 144 தடவை தேடின. நாய் எதையோ காட்டியதாக ஹேண்ட்லர் சொல்லாமல் முடிந்தவை 21 மட்டுமே. பொருள் எங்கே, இருக்கிறதா இல்லையா என்பது ஹேண்ட்லருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாமல் நடத்தும் பயிற்சிதான் பயிற்சி.

"சிறிது தூரம் ஓடி நின்றது" என்பதற்கும் காரணம் உண்டு. மே மாத வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தத் தார் ரோட்டில் வாசனை சீக்கிரம் போய்விடும், நாயின் பாதமும் வேகும். புறங்கையை ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்கக் கூடாது. அதன் உடல் சூடு சாதாரணமாக 38-லிருந்து 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றடிக்க விட வேண்டும், டாக்டர் அதற்குப் பிறகு. இதற்கெல்லாம் மேலே, நாய் வருவதற்குள் வீட்டு வாசலை ஐம்பது பேர் செல்போனோடு மிதித்திருப்பார்கள். திருடன் விட்டுப்போன துண்டை ஒருவர் கையால் எடுத்து மடித்து வைத்திருப்பார். கிடுக்கியால் எடுத்துச் சுத்தமான கண்ணாடி ஜாடியில் மூடியிருந்தால் நாய்க்கு ஒரு ஆள் வாசனை கிடைத்திருக்கும். மடித்தவர் வாசனையும் சேர்ந்த பிறகு நாய் யாரைத் தேடும்?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ பார்த்துவிட்டு மாலினாய் குட்டி வாங்கி, சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மொட்டை மாடியில் இரண்டடிச் சங்கிலியில் கட்டி வைக்கிறார்கள். தினமும் ஓடி, தேடி, வேலை செய்ய வேண்டிய ஜாதி அது. எட்டு மாதத்தில் தன் வாலையே கடித்துச் சுற்றும், பால்காரர் காலைக் கவ்வும். இதில் "அட்டாக் ட்ரெயினிங்" என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வந்து குச்சியால் சீண்டிக் கடிக்கச் சொல்லித்தருகிறார். "அவுட்" சொல்லித்தந்தாரா என்று கேட்டால், அது அடுத்த மாத ஃபீஸில் வருமாம்.