விளையாட்டுக்கும் போட்டோ எடிட்டிங்குக்கும் ஒரே மானிட்டர்: 4கே எடுக்கலாமா, 1440பி போதுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, ஓய்வு நேரத்தில் கேம் ஆடுகிறார், கேமராவில் எடுத்த ரா படங்களை (கேமரா பதப்படுத்தாமல் சேமித்தவற்றை) திருத்துகிறார், மேசையில் ஒரு மானிட்டருக்குத்தான் இடம் இருக்கிறது. நானும் இந்த இரண்டு வேலையையும் ஒரே திரையில் செய்கிறவன். என் பதில்: 27 அங்குலம், 4கே, ஐபிஎஸ் பேனல் (சாய்வாகப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி வகை), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும் வேகம்) அல்லது அதற்கு மேல். ஆனால் இந்த நான்கையும்விட முக்கியமான ஒரு விஷயம் பெட்டியின் மேல் அச்சடித்திருக்காது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வாங்கப்போகும் மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி மோடு (நிறங்களை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்புக்குள் அடக்கிக் காட்டும் அமைப்பு) இருக்கிறதா, அந்த மோடில் பிரைட்னஸைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? இப்போது வரும் நல்ல கேமிங் மானிட்டர்கள் பெரும்பாலும் வைடு கேமட் வகை, அதாவது வழக்கத்தைவிட அதிக நிறங்களைக் காட்டுபவை. டிசிஐ-பி3 என்ற பெரிய கலர் ஸ்பேஸில் (நிற வரம்பில்) 95 சதவீதம், 98 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அதில் தவறில்லை, அது உண்மையிலேயே நல்ல பேனலின் அடையாளம். ஆனால் இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பகுதியும், எச்டிஆர் (வெளிச்ச வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் முறை) இல்லாத கேம்களும் எஸ்ஆர்ஜிபியை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. 1996-ல் எச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து கொண்டுவந்த அந்தக் கலர் ஸ்பேஸ், பி3-ஐவிடச் சிறியது. போட்டோஷாப், லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் மானிட்டர் நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் ஐசிசி புரொபைல் என்ற கோப்பைப் படித்து, அதற்கேற்ப நிறத்தை மாற்றி அனுப்பும். கேம்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, சாதாரண போட்டோ வியூவர் பலவும் செய்வதில்லை. சிவப்பு 255 என்றால் அப்படியே 255 என்று அனுப்பிவிடும். மானிட்டரும் தன்னால் முடிந்த அதிகபட்சச் சிவப்பைக் காட்டும்.

கேமில் இது ஒரு பெரிய குறையாகத் தெரியாது, சிலருக்கு அந்தப் பளிச் நிறம் பிடிக்கவும் செய்யும். போட்டோவில்தான் ஆபத்து. புரொபைல் தவறாக இருந்தாலோ, நிறத்தை மாற்றிக் காட்டத் தெரியாத மென்பொருளில் திருத்தினாலோ, முகத்தின் நிறம் தேவைக்கு மேல் சிவந்து தெரியும். நீங்கள் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியைக் குறைப்பீர்கள். அதே படத்தை வேறு திரையில் பார்க்கிறவருக்கு முகம் வெளிறித் தெரியும். மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை வீணாகிவிடும்.

எஸ்ஆர்ஜிபி மோடு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் பல மானிட்டர்களில் அந்த மோடுக்குப் போனதும் பிரைட்னஸ் ஒரே அளவில் பூட்டிக்கொள்ளும், வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யும் ஆர்ஜிபி அமைப்பும் மங்கிப்போய்க் கைக்கு எட்டாது. கண் கூசும் வெளிச்சத்தில் பூட்டிய எஸ்ஆர்ஜிபி மோடால் ஒரு பயனும் இல்லை. வாங்குவதற்கு முன் அந்த மாடலின் கையேட்டைத் தேடிப் படியுங்கள், அளவீட்டுக் கருவி வைத்துச் சோதித்தவர்களின் விமர்சனத்தையும் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே உங்கள் பட்டியல் பாதியாகிவிடும்.

சரி, ரெசல்யூஷனுக்கு வருவோம். 4கே என்றால் 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள். 1440பி என்றால் 2560 x 1440, சுமார் 37 லட்சம். வித்தியாசம் இரண்டேகால் மடங்கு. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 x 4000. அதை முழு அளவில் வைத்துப் பார்த்தால் 4கே திரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெரியும், 1440பி திரையில் ஆறில் ஒரு பங்குகூடத் தெரியாது. கண் சரியாக ஃபோகஸ் ஆகியிருக்கிறதா, தலைமுடியில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான சிதறல்) இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் படத்தை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய வேலை பாதிக்கு மேல் குறையும். 27 அங்குலத்தில் 4கே என்பது அங்குலத்துக்கு சுமார் 163 பிக்சல், 1440பி சுமார் 109. எழுத்து படிக்கும்போதே அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். 32 அங்குலத்தில் 4கே எடுத்தால் 138 கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும், மேசை ஆழமாக இருந்தால்.

போட்டோ வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பிக்சல் நெருக்கம் கூடும்போது எல்லாப் படமும் கூர்மையாகத் தெரியும், நாய்ஸும் அடங்கித் தெரியும். ஷார்ப்பனிங் எவ்வளவு வைப்பது என்று முடிவெடுக்கும்போது 200 சதவீதத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 100 சதவீதத்தை மட்டும் நம்பினால் கை அளவுக்கு மீறிப் போய்விடும்.

கேம் பக்கம் வந்தால், அந்த இரண்டேகால் மடங்குப் பிக்சல்களையும் உங்கள் கிராபிக்ஸ் கார்டுதான் வரைய வேண்டும். கனமான புதிய கேமை 4கேயில் அப்படியே ஓட்ட நடுத்தரக் கார்டு திணறும். அதற்காக 4கேயை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் முறைகள் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குபவை) இப்போது நன்றாகத் தேறிவிட்டன. 4கேயில் அவற்றின் குவாலிட்டி மோடு உள்ளே 1440பியில்தான் வரைகிறது, பர்பார்மன்ஸ் மோடு 1080பியில் (1920 x 1080). வெளியே வரும் படம் சாதாரண 1440பி திரையில் தெரிவதைவிட எனக்கு நன்றாகவே தெரிகிறது. பழைய கேம்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: 1080பியின் ஒவ்வொரு பிக்சலும் 4கேயில் சரியாக இரண்டுக்கு இரண்டாக உட்காரும், அதனால் டிரைவரில் இன்டிஜர் ஸ்கேலிங்கைப் போட்டுவிட்டால் மங்கல் இல்லாமல் ஓடும். 1440பியை 4கேயில் நீட்டினால் ஒன்றரை மடங்கு வரும், அப்போது கொஞ்சம் மங்கும்.

விதிவிலக்கு ஒன்று. நீங்கள் ஆடுவது பெரும்பாலும் போட்டி ஷூட்டர் கேம்கள், வேகம்தான் முதல் தேவை என்றால் 1440பி, 240 ஹெர்ட்ஸ் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு 144 ஹெர்ட்ஸ் தாராளம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட் நிற்கிறது, 144-ல் 6.9. முதல் தாவலில் குறைவது ஏறக்குறைய 10 மில்லி செகண்ட். 144-லிருந்து 240-க்குப் போனால் குறைவது மூன்றுக்கும் கீழே. ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் வசதி (கார்டு ஃபிரேம் அனுப்பும் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். 4கேயில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், இந்த வசதி இல்லாவிட்டால் படம் நடுவில் கிழிந்து தெரியும்.

பேனல் விஷயத்தில் பலர் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்குமான வெளிச்ச விகிதம்) எண்ணைப் பார்த்து விஏ என்ற இன்னொரு எல்சிடி வகையின் பக்கம் சாய்கிறார்கள். வழக்கமான ஐபிஎஸ் 1000:1 என்றால் விஏ 3000:1 கொடுக்கும், இருட்டான கேம்களில் கறுப்பு ஆழமாக இருக்கும், உண்மைதான். ஆனால் விஏயில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிழல் பகுதியின் அடர்த்தி மாறும். நேராக உட்கார்ந்திருந்தாலும் திரையின் ஓரத்தைக் கண் சாய்வாகத்தான் பார்க்கிறது, அதனால் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் ஒரு மாதிரியும் தெரியும். நிழலைத் தூக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற வேலைக்கு இது ஒத்துவராது. போட்டோவும் செய்கிறவருக்கு நான் விஏ சொல்ல மாட்டேன்.

ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் பேனல்) வேறு கதை. அதன் கறுப்பு முழுக் கறுப்பு, வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, நிறமும் அருமை. கேம் மட்டும் என்றால் அதைத்தான் சொல்வேன். எடிட்டிங்கில் என்ன தயக்கம் என்றால், லைட்ரூம் பேனல்கள், டூல்பார், டாஸ்க்பார் எல்லாம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். பர்ன்-இன் என்கிற நிரந்தரத் தடம் விழ அதுதான் வழி. இன்றைய மாடல்களில் பிக்சல் ரெஃப்ரெஷ் போன்ற பாதுகாப்புகள் உண்டு, சில நிறுவனங்கள் வாரண்டியிலும் பர்ன்-இன்னைச் சேர்க்கின்றன. நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேர எடிட்டிங் என்றால் துணிந்து எடுக்கலாம். முழுநாள் எடிட்டிங் என்றால் ஐபிஎஸ்தான். கியூடி-ஓஎல்இடி (குவாண்டம் டாட் சேர்த்த ஓஎல்இடி வகை) பேனலில் இன்னொன்று: அறையில் வெளிச்சம் விழுந்தால் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும்.

டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்ற முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், எல்சிடியில் அதற்குப் பின்வெளிச்சத்தைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் லோக்கல் டிம்மிங்கூடக் கட்டாயமில்லை. "1 மில்லி செகண்ட்" என்ற ரெஸ்பான்ஸ் நேர (பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்) எண்ணையும் கண்டுகொள்ள வேண்டாம். பத்து பிட் பேனலா, எட்டு பிட்டோடு எஃப்ஆர்சி (இரண்டு நிறங்களை வேகமாக மாற்றி மாற்றி இடைப்பட்ட நிறத்தைக் காட்டும் உத்தி) சேர்த்ததா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் தேவையில்லை, நடைமுறையில் கண்ணுக்குப் பிடிபடாது. போர்ட் மட்டும் பாருங்கள்: எச்டிஎம்ஐ 2.0-ல் 4கே என்றால் 60 ஹெர்ட்ஸ்தான். பிஎஸ்5-ஐ 4கே 120 ஹெர்ட்ஸில் இணைக்கும் எண்ணம் இருந்தால் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். கம்ப்யூட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 போதும், 144 ஹெர்ட்ஸுக்கு அது டிஎஸ்சி சுருக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பட்ஜெட்டில் கொஞ்சம் ஒதுக்கி ஒரு கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு படி குறைந்த மானிட்டரும் கலரிமீட்டரும் சேர்ந்தால், அளந்து பார்க்காத உயர்ந்த மானிட்டரைவிட நம்பகமான நிறம் கிடைக்கும். தொழிற்சாலையிலேயே சரிசெய்து டெல்டா ஈ (நிறப் பிழையின் அளவு) 2-க்குக் கீழே என்று சான்று வைத்து அனுப்புகிறார்கள், நல்லதுதான், ஆனால் நாளாக ஆகப் பேனலும் பின்வெளிச்சமும் மாறும். வெள்ளைப் புள்ளி 6500 கெல்வின், காமா (நடு வெளிச்சங்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டலா அளவில் தொடங்குங்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று வருந்துகிறவர்களில் பலருக்குக் காரணம் பிரிண்டர் அல்ல, திரையை இரண்டு மடங்கு வெளிச்சத்தில் வைத்துத் திருத்துவதுதான். கேமுக்கு வெளிச்சம் கூட வேண்டுமென்றால் அதற்குத் தனி பிரீசெட் (சேமித்துவைக்கும் அமைப்பு) போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பிரீசெட்டுக்கு எடுத்த ஐசிசி புரொபைல் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் எடிட்டிங்குக்கு உட்காரும்போது முதல் வேலை, பிரீசெட்டை மாற்றுவது.

மானிட்டர் கைக்கு வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் சில சோதனைகளை முடித்துவிடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, முழுத்திரையில் நடுச் சாம்பல் நிறத்தைப் போட்டு ஓரங்களில் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் இருட்டறையில் முழுக் கறுப்பு, பிறகு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. கறுப்பில் மூலைகளில் லேசான ஒளி ஐபிஎஸ்ஸின் இயல்பு. ஆனால் சாம்பலில் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமுமாகத் தெரிந்தால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள், அதை எந்தக் கேலிபரேஷனும் சரிசெய்யாது.