ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஓட்டினால் போதுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நானும் மாமாவும் இரண்டு நண்பர்களும் கூட்டாக வாங்கிய பழைய செஸ்னா 172 விமானம், டர்பன் வர்ஜினியா விமானத்தளத்தில் எட்டு மாதமாகச் சும்மா நிற்கிறது. மாமாவுக்கு உடம்பு சரியில்லை, எங்களுக்கும் நேரமில்லை. ஞாயிறுதோறும் போய் லைகோமிங் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடுகிறோம், வாரநடுவில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி வைக்கிறோம். டிசம்பரில் பிள்ளைகளோடு மார்கேட் ஊருக்குப் பறக்கலாமா?
- ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: மாமா சீக்கிரம் குணமாகட்டும் தம்பி. ஆனால் அந்தப் பத்து நிமிட ஓட்டத்தை இந்த ஞாயிறே நிறுத்துங்கள். நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள், அதுதான் இன்ஜினைக் கெடுக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது, அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே எண்ணெயில் கலக்கிறது. வானில் ஒரு மணி நேரமாவது பறந்து, எண்ணெய் 74 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி அந்தச் சூட்டிலேயே நின்றால்தான் அந்த ஈரம் வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் தண்ணீரும் அமிலமும் சேர்கிறதே தவிர எதுவும் காய்வதில்லை. இன்ஜினைச் செய்யும் லைகோமிங் நிறுவனமே தரையில் ஓட்டுவது பறப்பதற்கு ஈடாகாது என்றுதான் சொல்கிறது.

அப்புறம் உங்கள் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு மேலே இருக்கிறது, புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் தண்டுக்கும் மேலே. நின்றுவிட்டால் அதன்மேல் இருக்கிற எண்ணெய் வழிந்து போய்விடும், புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தையும் துடைத்தெடுத்து விடுவீர்கள், புதிதாக ஒரு சொட்டும் மேலே ஏறாது. (ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ சரியாக அணையாமல் இருந்தால் இன்ஜின் திடீரென்று ஓடிக் கை போய்விடும், அது வேறு.) வர்ஜினியாவோ கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. அந்த உப்புக்காற்றில் சில நாட்களிலேயே துரு பிடிக்கத் தொடங்கலாம், நீங்கள் எட்டு மாதம் விட்டிருக்கிறீர்கள். துரு அரித்த கேமும் (கேம்ஷாஃப்டின் மேடு) அது தள்ளும் டேப்பட்டும் ஓடும்போது செதில் செதிலாக உதிரும், அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு பேரிங் வரை போகும், வால்வு முழுதாகத் திறக்காமல் சக்தி குறையும். தரையில் சத்தம்கூட மாறாது, அதனால்தான் எனக்குப் பயம். நான் ஒரு ஹேங்கரில் பார்த்த கேம், கறையான் தின்ற மரம் மாதிரி இருந்தது. அந்த விமானத்துக்காரரும் ஒழுங்காக வாராவாரம் ஓட்டியவர்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? ஏஎம்ஓ (அங்கீகாரம் பெற்ற விமானப் பராமரிப்பு நிறுவனம்) மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், செலவுக்கு யோசிக்காதீர்கள். எண்ணெயை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் அடியிலிருந்து பெட்ரோல் எடுத்துப் பாருங்கள், தண்ணீர் கனமானது, அடியில்தான் நிற்கும். மூடி ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் அங்கேதான் இறங்கியிருக்கும். இடது இறக்கைக்கு அடியில் இருக்கும் வென்ட் குழாயையும் பாருங்கள், குளவி மண்ணை அப்பி அடைத்திருந்தால் டேங்குக்குள் காற்றுப் போகாமல் பெட்ரோல் வருவது நின்று, நன்றாக இருக்கிற இன்ஜினும் வானில் அணைந்துவிடலாம்.

மறுபடி நிறுத்தி வைப்பதானால் அதற்கென்றே இருக்கும் பாதுகாப்பு எண்ணெயை ஊற்றி, ஸ்பார்க் ப்ளக் துளைகளில் ஈரமுறிஞ்சும் ப்ளக்குகள் போட்டு, எக்ஸாஸ்டையும் பிரீதரையும் (இன்ஜினின் காற்றுப்போக்குக் குழாய்) அடைத்துவிட்டு, அடைத்திருப்பது கண்ணில் படச் சிவப்பு நாடா தொங்கவிடச் சொல்லுங்கள். அந்தப் ப்ளக்கின் நீலம் ரோஸாக மாறினால் மாற்ற வேண்டும்.

கேமைப் பார்க்கும் வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள் தம்பி. டர்பனிலிருந்து மார்கேட் சுமார் 130 கிலோமீட்டர்தானே, இந்த டிசம்பரில் காரிலேயே போய் வாருங்கள்.